அத்திம்பேர் காருக்கு நான் போட்ட கடிவாளம்

உடைந்த சாமானைச் சரிசெய்யத் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்தில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பவன்தான் ஆபத்தானவன். எழுபதுகளின் தொடக்கத்தில், கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம், அப்படி ஒருவன் அக்கா வீட்டில் தங்கியிருந்தான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். (வேலையும் அவனைத் தேடியிருக்கும், விலாசம் கிடைத்திருக்காது.) அவன் நான்தான்.

அத்திம்பேரிடம் ஒரு பழைய கார் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்திறங்கியது. பானெட் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி திறக்கும். அத்திம்பேர் ஆபீசில் பசு. ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வேறு ஆள். இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதே மறந்து, என்ஜின் அலறும்வரை முதல் கியரிலேயே மிதிப்பார். இன்னொரு தடவை இப்படி மிதித்தால் பிஸ்டன் பானெட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

"ஸ்ரீ, நீ படிச்ச படிப்புல இவர் காலைக் கட்டிப்போட ஏதாவது வழி இருக்காடா?" என்றாள் அக்கா.

இருந்தது. காரில் டிஸ்ட்ரிப்யூட்டர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ப்ளக்குக்கும் முறை வைத்து ஸ்பார்க்கை அனுப்புவது அதுதான். அதிலிருந்த பழைய பாயின்ட்டை நான் ஏற்கெனவே கழற்றி எறிந்துவிட்டு டிரான்சிஸ்டர் இக்னிஷன் போட்டிருந்தேன். இப்போது கூடவே ஒரு ரெவ் லிமிட்டர். என்ஜின் அளவுக்கு மேல் வேகமாகச் சுற்றினால் அது ஸ்பார்க்கை நிறுத்தும். வேகம் தணிந்ததும் மறுபடி விடும். குதிரைக்குக் கடிவாளம் மாதிரி. இரண்டையும் ஒரே பவுடர் டப்பாவில் அடைத்தேன். அத்திம்பேர் நோண்டக் கூடாதே என்று, காய்ந்தால் கல்லாக இறுகும் பசையை உள்ளே ஊற்றி, டிஸ்ட்ரிப்யூட்டரின் விலாவிலேயே பொருத்தினேன்.

விடியற்காலைக் குளிர்ச்சியில் லேக்கைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். அத்திம்பேர் மிதித்தார். என்ஜின் அலறப் போய், விக்கி, அடங்கியது.

"என்னடா, விக்கறது?"

"விக்கல் இல்லை அத்திம்பேர், விஞ்ஞானம்!" என்றேன்.

அந்த வாரமே எங்கள் வீட்டுக்காரர் கோஷ் பாபு மாடியேறி வந்தார். அவர் மகன் தபன்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை அழைத்துப் போக அத்திம்பேரின் கார்தான் வேண்டும். பெண் வீடு ஜாதவ்பூரில். கோதூளி லக்னம், அதாவது சூரியன் மறையும் வேளை. லக்னம் தவறினால் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய களங்கம் என்று கோஷ் பாபு மூன்று தடவை விளக்கினார்.

வைசாக மாத வெயில். ரஜனிகந்தாப் பூச்சரத்தில் காரே தெரியவில்லை. அத்திம்பேர் ஓட்ட, நான் பக்கத்தில். பின்னால் கோஷ் பாபுவும், தலையில் நெட்டியில் செய்த வெள்ளைச் சோலாக் கிரீடத்துடன் தபன்தாவும். கரண்ட் கட்டாகி சிக்னல் எதுவும் எரியவில்லை. ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராமுக்கும் கைரிக்‌ஷாவுக்கும் நடுவே கார் ஊர்ந்தது. என்ஜின் கொதித்தது. கரியாஹாட் நெருங்கும்போது முதல் விக்கல்.

"ஸ்ரீ, நான் மிதிக்கவே இல்லையேடா!"

இரண்டாவது விக்கல். மூன்றாவது. கார் ஓட ஓட அதன் வேகம் குறைந்துகொண்டே வந்தது. கரியாஹாட் நாற்சந்தியின் நட்டநடுவில், டிராம் தண்டவாளத்தின் மேல், அத்திம்பேர் பொறுமையிழந்து முழுதாக மிதித்தார். ஸ்பார்க் நின்றது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்தது. ஸ்பார்க் திரும்பி வந்தது.

டுமீல்!

அது தெருவில் நிஜமாகவே வெடிகுண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு நொடியில் கடை ஷட்டர்களெல்லாம் சடசடவென்று இறங்கின. நடைபாதைச் சேலைக்காரர் மூட்டையோடு மறைந்தார். டாக்சிகள் பறந்தன. அத்தனை பெரிய சந்தியில் நாங்களும், பின்னால் மணியடித்துக்கொண்டிருந்த ஒரு டிராமும்தான் மிச்சம்.

வெள்ளை யூனிஃபார்மில் ஒரு சார்ஜென்ட், இடுப்புத் துப்பாக்கியில் கை வைத்தபடி வந்தார்.

"நாமோ! ஹாத் தோலோ!"

இறங்கினோம், கையைத் தூக்கினோம். அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே, எல்லாப் பக்கமும் அடைத்த ஒரு தகர டப்பா. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக ஒயர்கள். நான் செய்ததுதான் என்றாலும் அந்த நிமிஷம் எனக்கே அது வெடிகுண்டாகத்தான் தெரிந்தது.

"இது என்ன?" என்று பெங்காலியில் கேட்டார்.

"டிஸ்ட்ரிப்யூட்டர், சார்."

"ஓஹோ. எதை டிஸ்ட்ரிப்யூட் பண்றே? யார் யாருக்கு?"

அத்திம்பேர் தூக்கிய கையோடு, "இவன் என் மச்சினன் சார். வேலையில்லாதவன்," என்று உதவிக்கு வந்தார். (படித்துவிட்டு வேலையில்லாமல் திரியும் பையன்கள்தான் குண்டு வீசுகிறார்கள் என்று போலீஸ் நம்பிய அந்தக் காலத்தில் அதைவிட மோசமான சாட்சியம் கிடையாது.) சார்ஜென்ட் என் சட்டைக் காலரைப் பிடித்தார். கோஷ் பாபு மேற்கே சிவக்கும் வானத்தைப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டார்.

தபன்தா வாயில்லாப் பூச்சி. எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"என்னைப் பிடிச்சுண்டு போகணும்னா போங்க. ஆனா அங்கே ஒரு பெண் காலையிலேர்ந்து பட்டினி கிடந்து காத்திண்டிருக்கா. முதல்ல அவளைக் கல்யாணம் பண்ணிக்க விடுங்க. அப்புறம் நானே ஸ்டேஷனுக்கு வரேன்."

சார்ஜென்டின் முகம் மாறியது. என் காலரை விட்டார்.

"லக்னோ கொகோன்?" லக்னம் எப்போது என்று கேட்டார்.

தபன்தா வானத்தைக் காட்டினார்.

அவ்வளவுதான். சார்ஜென்ட் பெண்ணுக்குத் தாய்மாமனாகவே மாறிவிட்டார். தன் மோட்டார் சைக்கிளில் மாப்பிள்ளையைக் கொண்டு விடுவதாகச் சொன்னார். போலீஸோடு மாப்பிள்ளை வந்திறங்கினால் பெண் வீட்டார் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று கோஷ் பாபு அலறினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லிமிட்டரை மட்டும் கழற்ற முடியாது. வெட்டினால் இக்னிஷனும் போகும். என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவைத் தொட்டேன். விரல் பொசுங்கியது.

அப்போதுதான் விளங்கியது. டப்பா சூடாகச் சூடாக, லிமிட்டர் ஸ்பார்க்கை நிறுத்தும் வேகம் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. குளிர்ந்த விடியற்காலையில் சோதித்த மேதைக்கு அது தெரியவில்லை.

"ஐஸ்! ஐஸ் வேணும்!" என்று கத்தினேன்.

சார்ஜென்ட் சர்பத் கடை ஷட்டரைத் தட்டினார். ஒரு பாறை ஐஸ் வந்தது. அத்திம்பேரின் அங்கவஸ்திரத்தில் அதைச் சுற்றி, மட்கார்டின் மேல் குந்தி, திறந்த பானெட்டுக்குள் கைவிட்டு டப்பாவின் மேல் அழுத்திப் பிடித்தேன். கார் நகர்ந்தது. டாகுரியா பாலத்தில் ஏறியது. முன்னால் சார்ஜென்ட் விசிலடித்துக்கொண்டு போக, நான் ஒரு கையால் ஹெட்லைட்டையும் மறுகையால் ஐஸையும் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மெதுவா மிதிங்கோ அத்திம்பேர்! ஐஸ் கரையறது!"

"நீ பேசாதே! உன் விஞ்ஞானத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ!"

பெண் வீட்டு வாசலில் சங்கு ஊதினார்கள். சூரியன் கொஞ்சம் பாக்கியிருந்தது. ஐஸ் பாக்கியில்லை. மூஞ்சியெல்லாம் கரி, வேட்டியெல்லாம் தண்ணீர், விரல்கள் மரத்துப்போய் நான் இறங்கியதைப் பார்த்து பெண்ணின் தாயார், மாப்பிள்ளையின் சாமான் தூக்கி என்று நினைத்துப் பின்கட்டுக்கு வழி காட்டினார். போனேன். அங்கே சார்ஜென்ட் எனக்கு முன்னாலேயே இலையில் உட்கார்ந்திருந்தார்.

லிமிட்டரை, இக்னிஷனோடு சேர்த்து, மறுநாளே அத்திம்பேர் சுத்தியலால் கழற்றினார். தபன்தாவும் அவர் மனைவியும் இன்றுவரை சௌக்கியம். சில வருஷம் கழித்து என் கல்யாணம் நடந்தபோது, ஊஞ்சல் சமயத்தில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. அதிலிருந்து, மாலை போட்ட ஒரு பெரிய பாறை ஐஸை இரண்டு பேர் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார்கள். தபன்தாவின் கல்யாணப் பரிசு. விஷயம் தெரியாத என் மாமனார் அதற்கும் அட்சதை போட்டார்.

என் மனைவிக்கு அன்றே கதை தெரிந்துவிட்டது. இப்போதும் நான் ஸ்க்ரூ டிரைவரோடு மிக்சி பக்கம் நடந்தால் அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து, ஐஸ் ட்ரேயை எடுத்து, சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.