சகலை வீட்டு மாடியில் பூத்திருப்பது என் செடி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் மாமா எழுதுவது. நீயும் உன் நர்சரியும் தழைத்திருக்க வேண்டும். வாழ்த்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடிதம் முடியும்போது வாழ்த்துகிற மனநிலை இருக்குமோ என்னவோ.

போன வருஷம் உன் அக்காமார் இருவருக்கும் ஆளுக்கொரு பாலைவன ரோஜா கொடுத்தாய். ஒரே அளவு, ஒரே மாதிரி தொட்டி. எங்கள் வீட்டுச் செடி இதுவரை ஒரு மொட்டுகூட விடவில்லை. அடுத்த வீட்டில் சகலையின் மாடியில் தொட்டியே தெரியாதபடி சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறது. தான் குடிக்கிற தண்ணீரையே இன்னொருவர் மோந்து கொடுக்கவேண்டும் அவருக்கு. செடிக்கு எங்கே ஊற்றப் போகிறார்? நானோ பைப்பைத் தோளில் சுமந்து விற்றுக் குழாய்க் கடை வைத்தவன். செடிக்கென்றே தனிக் குழாய் இழுத்து, காலை மாலை தண்ணீர், வாரம் தவறாமல் உரம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இலையாக விடுகிறது, இரண்டு மணி நேரம் விலை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு போகிற ஆள் மாதிரி.

உன் சின்னக்கா காலையில் எனக்கு டீயை வைத்த கையோடு அங்கே போய்விடுகிறாள். முக்கால் மணி நேரம் கழித்து முகம் பளிச்சென்று திரும்புகிறாள். நான் கடைக்கு மாடி எடுத்துக் கட்டியபோதுகூட அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அத்தானுக்குக் கைராசி என்கிறாள். செய்தித்தாளைத் தவிர எதையும் தொடாத கை.

நல்ல செடியை நீ அங்கே தள்ளிவிட்டாய் என்று முடிவு கட்டினேன். போன மாதம் அவர்கள் வெளியூர் போயிருந்தபோது, பூ ஓய்ந்திருந்த சமயம் பார்த்து, இரண்டு தொட்டியையும் மாற்றி வைத்துவிட்டேன். சரக்கு மாறி வந்தால் மாற்றிக்கொள்வது வியாபாரத்தில் சகஜம்தானே.

இப்போது அங்கே மறுபடி பூத்துவிட்டது. என்னிடம் இருப்பதோ அடித்தண்டு கொழகொழவென்று அழுகுகிறது. அங்கே பூத்திருப்பது நான் ஊட்டி வளர்த்த செடி, மாப்பிள்ளை. உன் சின்னக்கா என்னையே கூட்டிப் போய், “இந்தத் தடவை இன்னும் ஜாஸ்தி, பாருங்க” என்று காட்டுகிறாள். அது என் செடி என்று சொன்னால் தொட்டியை மாற்றியதும் வெளியே வந்துவிடும். உடனே வந்து, அது யார் செடி என்று ஏதாவது சாக்கில் சொல்லிவிட்டுப் போ.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். சகலை என்னைவிட மூத்தவர் என்பதால் அவருக்கு ஆசி சொல்லும் கட்டாயம் எனக்கில்லை.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: வரவேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா படித்துவிட்டாள். நான் தொட்டியை மாற்றிய அன்று சாயங்காலமே பார்த்துவிட்டுத் திரும்ப மாற்றி வைத்தாளாம். ஆகவே பூத்தது அவர் செடி. தண்ணீர் ஊற்றியே நான் அழுக வைத்தது என் செடி. அதுகூடப் போகட்டும். “நான் பூ பார்க்கவா போறேன்? அக்காகிட்ட உங்களைப் பத்திப் பேசத்தான் போறேன்” என்கிறாள். தினம் முக்கால் மணி நேரமா? செடி கிடக்கட்டும். என்ன பேசினாள் என்று பெரியக்காவிடம் நைசாக விசாரித்து எழுது. சகலையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாரா என்பதையும்.