பாட்டில் தண்ணீரைக் குடித்துக் காட்டவும்

சின்னமனூர்,
வியாழக்கிழமை.

அன்பும் பொறுமையும் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் பதவியும் ஒருங்கே உடைய மருமகன் திலீபனுக்கு, உன் தாய்மாமன் அம்மாவாசி காம்பவுண்டுச் சுவர் போல் அசையாத ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் முட்டிவலியும் நலம். திருப்பூரில் நீயும் உன் மனைவி அனுஷ்காவும் நலமா என்று விரிவாகக் கேட்பதுதான் முறை. ஆனால் நீ போனில் கேட்ட கேள்விக்குப் பிறகு அந்த முறையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

"ஊர்ல அத்தனை பேரும் உள்ள போயிட்டு வர்றாக, எங்கம்மாவை மட்டும் மறிச்சீகளாமே, நீங்கல்லாம் கூடப் பொறந்தவகதானா மாமா?" என்று கேட்டாய். பதிலுக்குக் காத்திராமல் வைத்தும் விட்டாய். அதனால்தான் கடிதம். கடிதத்தை வைத்துவிட்டாலும் அது பேசிக்கொண்டே கிடக்கும்.

நான் காவல் காக்கும் ஆபீஸின் பெயரைப் பாதுகாப்பு காரணமாக எழுத மாட்டேன். திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிற ஆபீஸ் என்றால் உனக்கும் தெரியும், பஸ் கண்டக்டருக்கும் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அங்கே மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், கேனில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து தலையில் ஊற்றிக்கொண்டார். தீப்பெட்டியைப் பாய்ந்து பறித்தவன் நான். கூட இரண்டு போலீஸ்காரர்களும் இருந்தார்கள் என்பார்கள். இருந்தார்கள், எனக்குப் பின்னால். அந்த மனுஷனின் கேனில் என்ன இருந்தது என்று மூன்று விசாரணை நடந்தது. மனுவில் என்ன இருந்தது என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து, மனுவோடு வருகிறவர்கள் கையிலுள்ள பாட்டிலைத் திறந்து என் முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுத்தான் படியேற வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு வாய் பார்க்கிறேன் மருமகனே.

இந்த நேரத்தில்தான், அரசாங்கக் கட்டிடங்களுக்கெல்லாம் ஒரே மாதிரியான பாதுகாப்பு ஸ்டாண்டர்டு எழுதப் போகிறோம் என்று சென்னையிலிருந்து மூன்று அதிகாரிகள் டேப்பும் லேப்டாப்புமாக வந்து இறங்கினார்கள். வந்தவர்கள் பெரிய அய்யாவைப் பார்க்கும் முன்பே என்னைப் பார்த்துவிட்டார்கள், வாசலில் வேறு யாரும் இல்லை. மூன்று பேருக்கும் தலைவி ஜோதிலட்சுமி மேடம். "ஒங்க அனுபவத்துல என்ன செய்யலாம்னு சொல்லுங்க" என்று கேட்டார். சொன்னேன். இருபத்தேழு விதியில் இருபத்தைந்து என்னுடையது, மீதி இரண்டு முன்னுரை. நாலு வாசலில் மூன்றை மூடுங்கள் என்றேன். சொந்தக்காரன் என்று யாருக்கும் சலுகை கூடாது என்றேன். காவலாளி பத்தாவது தேறியிருக்க வேண்டும், தேறாதவன் மூக்குக்கு மண்ணெண்ணெயும் ஒன்றுதான் தண்ணீரும் ஒன்றுதான் என்றேன். "அப்ப நீங்க பத்தாவதா?" என்று கேட்டார். "அதுவும் மொதத் தடவையிலேயே மேடம்" என்றேன். அதையும் டைப் அடித்துக்கொண்டார்.

அவர்கள் வந்திருந்த திங்கட்கிழமை பார்த்துத்தான் என் அக்கா, அதாவது உன் அம்மா, மனுவோடு வந்தாள். பக்கத்துத் தோட்டத்துக் கர்ணன் வண்டிப்பாதையைக் கம்பி வேலி போட்டு அடைத்து நாலு மாதம் ஆகிறது, கொடியில் பன்னீர் திராட்சை பழுத்து நிற்கிறது, பிக்கப் வண்டி தோட்டத்துக்குள் வர வழியில்லை. இது ஏழாவது மனு. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள் நிற்கிறார்கள்.

"பாட்டிலைத் திறந்து குடிங்க" என்றேன்.

"ஏலே, என்னலே புதுசா 'ங்க' போடுற?" என்றாள். மடமடவென்று பாட்டில் முழுவதையும் குடித்து, காலியை என் தலைமேல் கவிழ்த்துக் காட்டினாள். "உசுரோடதான் நிக்கேன். விடுறியா?"

"துணிப்பையில என்ன?"

"திராச்ச. ஒரு கொத்து. அய்யா கண்ணால பாத்தாத்தான் அவசரம் புரியும்."

எறியக்கூடிய பொருள் உள்ளே வரக்கூடாது என்பது பதினோராவது விதி. சொன்னேன்.

"திராச்சய எறிஞ்சா கட்டடம் விழுந்துருமாலே? அப்ப மொதல்ல கட்டுனவனப் பிடிங்க!"

வரிசையே சிரித்தது. வெளியே வைத்துவிட்டுப் போ என்றேன். வைத்தால் நான் தின்றுவிடுவேன் என்றாள். அதிகாரிகள் முன்னால் சொல்லலாமா? அதனால்தான் மறித்தேன்.

மறித்தேனே தவிர, அவள் உள்ளே போகவில்லை என்று யார் சொன்னது? ஆபீஸுக்குப் பின்னால், டீக்கடையை ஒட்டி, சுவரில் ஒரு ஆள் நுழைகிற ஓட்டை உண்டு. கிளார்க்குகள் முதல் ஆடுகள் வரை அதில்தான் போக்குவரத்து. உன் அம்மா அந்த வழியாகப் போய், திராட்சையோடு பெரிய அய்யா மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவர் மனுவைப் பார்க்கவில்லை, திராட்சையையும் பார்க்கவில்லை. "எப்படிம்மா உள்ள வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். இவள் பொய் சொல்லத் தெரியாதவள். "எந் தம்பி அம்மாவாசி டீ வாங்கப் போற வழியாத்தான் வந்தேன் சாமி" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று மணிக்கு இதைக் கேட்டார். நாலு மணிக்குச் செங்கல் வந்தது. ஆறு மணிக்குப் பூச்சு முடிந்தது. நாலு மாதமாக ஒரு பாதையைத் திறக்க ஆள் இல்லாத ஆபீஸில், ஒரு பாதையை அடைக்க மூன்று மணி நேரம் போதுமாக இருந்தது. மனுவில் "மேல் நடவடிக்கைக்கு" என்று எழுதி, வேலி போட்ட கர்ணனிடமே விளக்கம் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஆக, குற்றம் என்னுடையது அல்ல. ஸ்டாண்டர்டு அச்சாகி வரும்போது என் பெயர் இருக்கும். ஆலோசகர் பதவியும் வரும் என்று மேடத்தின் முகத்திலேயே எழுதியிருந்தது. உன் அம்மாவின் கோபத்தை நீ ஆற்று. உங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் எளிதாகத் திறக்கட்டும், அனுஷ்காவின் கை கால் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாதுகாப்புப் பொறுப்பில்,
உன் மாமன் அம்மாவாசி

பின்குறிப்பு: இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து எட்டு நாள் ஆகிவிட்டது. மறுநாளே பத்தாவது சான்றிதழைக் கேட்டார்கள். நான் அஞ்சாவது என்பது உனக்குத் தெரியும். இந்தத் திங்கட்கிழமை அக்காவின் எட்டாவது மனுவோடு நான்தான் வரிசையில் நின்றேன். புதுக் காவலாளி என்னை மூன்று தடவை குடிக்க வைத்தான். அதற்குள் மனு வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பூச்சு நல்ல உறுதி, ஓரிடத்தில்கூட விரல் நுழையவில்லை. திராட்சை உதிரத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று திராட்சைப் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க நான் இருக்கிறேன், அந்தப் பக்கம் வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.