ஒரு கைத் தினை

ஒரு கை என்றால் யாருடைய கை?

கண்ணாடிக்காரர் தினை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தோட்டத்து நடுவில் நின்று இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். மாமனார் ஊருக்குக் கிளம்பும்போது ஆட்டோவில் ஒரு காலை வைத்தபடி சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "காலையில தட்டுல ஒரு கை தினை. சட்டியில தண்ணி. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

மாமனார் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடி பிடித்த கை. விரித்தால் ஒரு சாப்பாட்டுத் தட்டை மூடிவிடும். கண்ணாடிக்காரருடையதோ, மூக்குக் கண்ணாடிகளின் பொடித் திருகாணிகளை முடுக்கி முடுக்கி மெலிந்துபோன கை.

"ஏங்க, இன்னுமா போடலை?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவி கேட்டாள்.

"உங்க அப்பா கைக்கு என் கை எத்தனை வரும்?"

"நான் என்ன அளந்தா வெச்சிருக்கேன்? ஏதோ போட்டுட்டு வாங்க. கடைக்கு நேரமாகுது."

கால் பாயிண்ட் வித்தியாசத்துக்காக லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்து, வந்தவருக்கே கண் பூத்துப்போக வைப்பவர் அவர். 'ஏதோ' என்ற சொல் அவருக்கு ஆகாது. குறைத்துப் போட்டு, குருவிகள் கோபித்துக்கொண்டு போய்விட்டால்? இரண்டு கை போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கையும் போட்டார்.

அந்த வீட்டில் அவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை இது. அதற்கு முன்பெல்லாம் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறினால்கூட, "நீங்க இறங்குங்க, நான் பார்த்துக்கறேன்" என்பார் மாமனார். மூத்த மருமகன் இன்ஜினியர். அவர் மட்டும் ஏறலாம். இப்போது அந்த மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பேரனைப் பார்த்துக்கொள்ள மாமனாரும் மாமியாரும் கோடை முழுக்க அங்கே. வீட்டையும் குருவிகளையும் பார்த்துக்கொள்ள இவர்கள் இங்கே. மாமனார் பல வருஷமாகத் தீனி வைத்துப் பழக்கிய குருவிகள். அவர் திரும்பி வரும்போது அவை அப்படியே இருந்துவிட்டால், ஸ்டூல் விஷயத்தில் ஒரு நல்லது நடக்கும் என்று கண்ணாடிக்காரர் நம்பினார்.

குருவிகள் வயிறு முட்டத் தின்றன. அப்படியும் தட்டில் பாதி மிச்சம் இருந்தது. அதைத் தின்னப் புறாக்கள் வந்தன.

முதலில் ஒரு ஜோடிதான் வந்தது. அது போய்ச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அந்த வார முடிவில் தட்டு முழுக்கப் புறா, தட்டுக்குக் கீழே புறா, தண்ணீர்ச் சட்டியில் குளித்துக்கொண்டு ஒரு புறா. குருவிகள் மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து, பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தன.

மாமனாரிடமிருந்து போன் வந்தது. அவர் பேச்சு எப்போதும் தந்தி மாதிரி இருக்கும்.

"வருதா?"

"வருது மாமா. நிறையவே வருது."

"சரி." வைத்துவிட்டார்.

"புறான்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"எது வருதுன்னு அவர் கேட்கலையே."

புறாக்களைத் துரத்த அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. கடையில் கழித்துப்போட்ட பழைய லென்ஸ்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நூலில் கோத்துத் தட்டுக்கு மேலே இருந்த கிளையில் தொங்கவிட்டார். காற்றில் அவை சுழன்று பளிச் பளிச்சென்று மின்னின. தோட்டமே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது.

"அழகாத்தான் இருக்கு. ஆனா புறா நகரலையே," என்றாள் மனைவி.

"பழகலை. கொஞ்சம் பொறு."

புறாக்கள் பழகிக்கொண்டன. பயந்து ஓடியவை குருவிகள்தான். மதிலை விட்டு மரத்துக்குப் போயின.

அன்று உச்சி வெயிலில், கடையில் ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள். பதற்றம் எதுவும் இல்லாமல்தான் பேசினாள்.

"ஏங்க, நீங்க தொங்கவிட்டதெல்லாம் என்ன கண்ணாடி?"

"வெள்ளெழுத்துக் கண்ணாடிதான். நல்ல தடிமன். ஏன்?"

"குருவித் தட்டு புகையுது."

பெரியவரைப் பாதி எழுத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தார். மனைவி ஏற்கெனவே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியிருந்தாள். மூங்கில் தட்டின் நடுவில் கருகிய ஓட்டை. அதன் வழியாக ஊறிப்போன தினை சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. வெயிலைக் குவித்து ஒரே புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அந்த லென்ஸின் குணம். தினம் அதைத் தொட்டுப் பிழைக்கிறவருக்கு அது தெரியாதா? தெரியும். தட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே இருந்த தூரமும் மிகச் சரியாக அமைந்துவிட்டது என்பதுதான் அவரை ரொம்பவும் உறுத்தியது.

"கடையிலகூட இவ்வளவு பொருத்தமா அமைஞ்சதில்ல," என்றார்.

"பெருமையா சொல்றீங்களா, வருத்தமா சொல்றீங்களா?"

லென்ஸ்களை அறுத்தெடுத்துவிட்டுப் புதுத் தட்டு வாங்கினார். இந்த முறை தீப்பிடிக்காத பொருளாகப் பார்த்து, பளபளவென்று ஒரு எவர்சில்வர் தட்டு. காலை நேரத்தில் பிரமாதமாக இருந்தது. வெயில் ஏறியதும், துணிந்து வந்து இறங்கிய முதல் குருவி ஒரு காலைத் தூக்கியது, மறு காலைத் தூக்கியது, இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பறந்தே போய்விட்டது. பறந்த இடம் பக்கத்து வீடு. அங்கே கொட்டகைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நிழலும் இருந்தது. மற்ற குருவிகளும் பின்னாலேயே போயின.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு காலத்தில் தபால்காரர். இப்போது கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிற எல்லோரையும் விசாரிப்பதே அவருக்கு வேலை.

"என்ன தம்பி, உங்க மாமனார் கூட்டம் மொத்தமும் இங்க வந்து உட்கார்ந்திருக்கு? விலாசம் மாறிடுச்சா?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டினார்.

"ஒரு நாலு நாளைக்குத்தான் சார். கூட்டிட்டுப் போயிடுவேன்."

"கூட்டிட்டுப் போக அது என்ன ஸ்கூல் பிள்ளைங்களா?"

ஆனால் கண்ணாடிக்காரரிடம் வழி இருந்தது. பக்கத்து வீட்டுக் கொட்டகையில் ஆரம்பித்து, மதில் மேலாகத் தம் தோட்டத்துத் தட்டு வரைக்கும் தினையைக் கோடு மாதிரி தூவிக்கொண்டே வந்தார். தின்றுகொண்டே நடந்தால் வீடு வந்துவிடும். எவர்சில்வர் தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்துச் சூட்டையும் தணித்துவிட்டார். இதில் என்ன தப்பு நடக்க முடியும் என்று ஒருமுறைக்கு இருமுறை யோசித்தும் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. நிம்மதியாகக் கடைக்குப் போனார்.

கோட்டுக்கு இரண்டு முனை உண்டு என்பது சாயங்காலம் வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. குருவிகள் தங்கள் முனையில் கொஞ்சம் கொறித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டன. இந்தப் பக்கம் மிச்சமிருந்த புறாக்கள் கோட்டைப் பிடித்து நடந்து, ஒன்று விடாமல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

"புறா போயிடுச்சே. அதைத்தானே கேட்டீங்க?" என்றாள் மனைவி.

"கிண்டல் பண்ணாத."

"பண்ணலைங்க. தோட்டம் இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல."

அவர் காதில் அது விழவில்லை. போன் அடித்துக்கொண்டிருந்தது.

"வருதா?"

"ம்... வருது மாமா."

"சத்தமே கேக்கலையே. போனைத் தோட்டத்துப் பக்கம் காட்டுங்க."

கண்ணாடிக்காரர் சமையலறை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு ஓடினார். மேலே ஏறி, போனைப் பிடித்த கையை எட்டும் மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார். கீச்கீச்சென்று நல்ல சத்தம். அதற்கு நடுவில் தபால்காரரின் குரல்.

"போன் எனக்கா தம்பி? யாரு?"

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது யாரு பேசினது?"

"பக்கத்து வீட்டு சார். குருவி பார்க்க வந்தாரு மாமா."

"சரி. ஞாயித்துக்கிழமை வர்றோம்."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கண்ணாடிக்காரரைப் பொய் சொன்னதுதான் பெரிதாக அரித்தது. ஸ்டூல் போனது போனதுதான். இனி தண்ணீர் மோட்டார் சுவிட்சைக்கூடத் தொடவிட மாட்டார்கள். "அப்பா கடிச்சா முழுங்கப் போறாரு? உள்ளதைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

ஆட்டோ வந்து நின்றது. மாமனார் பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகத் தோட்டத்துக்குப் போனார். எவர்சில்வர் தட்டைப் பார்த்தார். காலியாக இருந்த கிளையைப் பார்த்தார். அதில் அறுபடாமல் தொங்கிய ஒற்றை லென்ஸையும் பார்த்தார்.

"மாமா, எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிடுச்சு. தப்பு என்னோடதுதான். போன்ல சொன்னது பொய்," என்றார் கண்ணாடிக்காரர், ஒரே மூச்சில்.

மாமனார் மதிலுக்கு அப்பால் காதைக் கொடுத்துக் கேட்டார். பையைக் கீழே வைத்தார். விறுவிறுவென்று வாசல் வழியாகப் போனார். சற்று நேரத்தில் கொட்டகையிலிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. தண்ணீர்ச் சட்டியை எங்கே வைப்பது என்பதில் தகராறு. ஆனால் இரண்டுமே சந்தோஷமான குரல்கள். அதற்குப் பிறகு மாமனார் காலையில் காபி குடித்ததும் கொட்டகைக்குப் போய்விடுவதும், மதியச் சாப்பாட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டியிருப்பதும் வழக்கமாகிவிட்டது.

கண்ணாடிக்காரருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. தங்கள் வீட்டுக்குத் திரும்பும் நாளன்று பெட்டியைக் கட்டிவிட்டு, மாமியாரைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். மாமியார் அலசிய வெள்ளை விரிப்பைக் கொடியில் விரித்துவிட்டு, அந்தக் கிளைக்கு நேர் அடியில் நாற்காலி போட்டு, எச்சத்துக்குப் பயந்து எப்போதும் தலையில் போடும் துண்டுகூட இல்லாமல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மன்னிச்சிருங்க. மாமா என்னை நம்பி விட்டுட்டுப் போனாரு."

மாமியார் மதில் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் எங்க நம்பினாரு, அந்தத் தபால்காரர்கிட்டதான் விட்டுட்டு வர இருந்தாரு, உங்ககிட்ட குடுக்கச் சொல்லி ஒத்தக்கால்ல நின்னது நான்தான் மாப்பிள்ளை, நீங்க மீன் வளர்த்த தொட்டியில இப்ப துணிக் கிளிப்புதானே இருக்கு?"