உயிரோடு இருப்பவர்களுக்கு இரங்கல் எழுதியவர்

"ஏனுங்கம்மிணி, உங்களுக்கு இன்னும் கண்ணாலமே ஆகலீங்கறீங்க. பொண்டாட்டியப் பறிகொடுத்தவனோட துக்கத்த எங்கிருந்துங்க எடுத்தீங்க? நெசமாலுமே நீங்க எழுதுனதுதானுங்களா?"

கொழிஞ்சாம்பாறை வாசகசாலைக் கூட்டத்தில் நான் கவிதை வாசித்து முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டார். விஷமமான கேள்வி இல்லை. பொள்ளாச்சி பஸ் எப்போது வரும் என்று விசாரிக்கிற குரல்தான். அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரியையும் முடித்துவிட்டு, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறேன். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நான் எழுதியதை நான்தான் எழுதினேனா என்று கேட்டால் எப்படி இருக்கும்?

"எழுதுனது நான்தாங்க. துக்கம் மட்டும் பக்கத்து வீட்டுது" என்றேன். கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. அவருக்கு முழுப் பதிலும் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெயர் இரங்கல் மாமா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். நான் வளர்ந்த மலையில், சித்திரபுரத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். அவர் மனைவி பேச்சி அத்தை கொழுந்து கிள்ளப் போவாள். மாமா டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டினார். இறந்தவர்களுக்கு இரங்கல் எழுதியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆள் எதிரில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே இரங்கல் எழுதியவர் இவர் ஒருவர்தான்.

முதல் இரங்கல் ஜீப்புக்கு. மழையில் பேட்டரி போய் வண்டி இரண்டு நாள் நின்றுவிட்டது. மாமா தொண்டையைச் செருமி, "என் இரும்பு மகனே" என்று ஆரம்பித்து, லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டார். கடைசி வரியில் நிஜமாகவே விம்மினார். மறுநாள் வண்டி தள்ளிய தள்ளுக்குக் கிளம்பிவிட்டது.

அடுத்தது மானேஜர் பங்களா நாய்க்கு. காணாமல் போன அந்த நாய், இரங்கல் வெளியான சாயங்காலமே ஜீப்பின் பின் சீட்டில் வந்து படுத்திருந்தது. பிறகு எங்கள் கணக்கு சாருக்குக் கட்டப்பனைக்கு மாற்றல் வந்தது. நாங்கள் உள்ளுக்குள் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்க, மாமா உருகி உருகி இரங்கல் எழுதினார். மாற்றல் ரத்தாகிவிட்டது. அந்த வருடம் முழுக்க எங்கள் வகுப்பில் யாரும் மாமாவோடு பேசவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தொழில் ஒருநாள் வீட்டுக்குள் நுழைந்தது. பேச்சி அத்தை லயத்துப் பெண்களோடு வேன் பிடித்துத் திருச்செந்தூருக்குப் போயிருந்தாள். மாமா தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தார். அது தீய்ந்துபோயிருந்ததாம். அந்த வாசனையிலேயே உட்கார்ந்து, "போய்விட்டாயே பேச்சி" என்று ஒரு கவிதை எழுதி, வழக்கம்போல் விம்மி, குரூப்பில் போட்டார். லயத்தில் யாரும் அசையவில்லை. எங்களுக்குத்தான் அவரைத் தெரியுமே. ஆனால் யாரோ அதைப் போடிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அத்தையின் தம்பி போடியில் இருந்தார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையும் ரோஜா மாலையுமாக முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறிவிட்டார். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கவும் திருச்செந்தூர் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. நெற்றி நிறைய விபூதியோடு இறங்கிய அத்தை, மாலையும் கையுமாக நிற்கிற தம்பியைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஏலே, யாருலே செத்தது?"

"நீதான்க்கா" என்றார் அவர், அழுகையை நிறுத்த முடியாமல்.

பிறகு நடந்ததை லயமே வாசலில் நின்று கேட்டது. குத்துக்கல்லாட்டம் நான் இருக்கையில எனக்கு ஒப்பாரியா என்று அத்தை பிடித்த பிடியில் மாமா ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கினார். அங்கேயும் போய், அப்படி என்னய்யா உமக்குத் துக்கம் என்று கேட்டாள். மாமா டயரைப் பார்த்துக்கொண்டே, "நீ இல்லாம வீடு ஒரு மாதிரியா இருந்துச்சு புள்ள" என்றார். அத்தை போய்ப் பாத்திரம் விளக்கினாள். மாலையை ஜீப்புக்குப் போட்டார்கள். சேலையைத் தம்பி திருப்பி எடுத்துப் போகப் பார்த்தார். அத்தை விடவில்லை.

"நல்ல சேலையாத்தான இருக்கு. இதக் கட்ட நான் சாகுற வரைக்குமா காத்துக்கிட்டு இருக்கணும்?"

மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அதைத்தான் கட்டினாள்.

அதன்பின் லயத்தில் ஒரு நம்பிக்கை பரவியது. மாமா இரங்கல் எழுதினால் ஆயுள் கெட்டி. காய்ச்சல் வந்தவர்கள் மாத்திரை போட்ட கையோடு மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கண் ஆபரேஷனுக்குப் போன ஒருவர், நாலு வரியாவது எழுதினால்தான் வண்டியில் ஏறுவேன் என்று அடம்பிடித்தார். எல்லோருக்காகவும் மாமா ஒரே மாதிரி விம்மினார்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அத்தைக்கே நிஜமாக முடியாமல் போனது. நுரையீரலில் சளி கட்டி, மூச்சு வாங்கி, அடிமாலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லயமே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. இரங்கல் வரவில்லை. ஒரு நாள் போனது, இன்னொரு நாளும் போனது. தேயிலைக் காட்டில் பெண்கள் அதைப் பற்றியே பேசினார்கள். சிலருக்கு மாமா மேல் கோபம்கூட.

அம்மாவும் நானும் சோறு எடுத்துக்கொண்டு போனோம். மாமா ஆஸ்பத்திரி வளாகத்தில் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தார். மடியில் பேனா இருந்தது. தாள் வெள்ளையாக இருந்தது. ஏன் மாமா என்று கேட்டேன்.

"அன்னிக்கு அவ திரும்பி வந்துருவான்னு தெரியும்மா. அந்தத் தைரியத்துல அழுது எழுதிட்டேன். இப்ப அந்த மாதிரி நினைச்சுப் பார்க்கவே முடியல. பிறவு எங்க எழுத?"

உள்ளே அத்தை மூச்சுக்கு நடுவே அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். நாய்க்கு எழுதத் தெரிந்த மனுஷனுக்கு எனக்கு எழுதத் தெரியவில்லையா என்று ஒரே ஆதங்கம். அவள் கண்ணில் பயம் இருந்தது. எழுதாவிட்டால் பிழைக்க மாட்டோம் என்று அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ படிச்ச புள்ளதான. அவரு எழுதுற மாதிரி நீ எழுது."

அதுவரை லயத்தில் என் படிப்பை விண்ணப்பம் நிரப்பத்தான் கேட்டிருக்கிறார்கள். நான் போய் மாமாவை இறங்கச் சொல்லிவிட்டு ஜீப்பின் முன் சீட்டில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் புருஷனும் இல்லை, பொண்டாட்டியும் இல்லை. துக்கத்துக்கு எங்கே போவேன்? நிமிர்ந்தால் எதிரே கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. பின்னால் வரும் வண்டியைக் காட்ட வேண்டிய கண்ணாடி, இந்தச் சீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அத்தை இதில் பார்த்துத்தான் பொட்டைச் சரிசெய்வாள். மாமா அதைத் திருப்பி வைத்ததே இல்லை. எத்தனையோ தடவை அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அத்தையின் கட்டில் பக்கத்தில் நின்று வாசித்தேன்:

"முன் சீட்டில் இனி யாரையும் ஏற்ற மாட்டேன்.
கண்ணாடி இன்னும் உன் முகத்தைத்தான் தேடுகிறது.
பின்னால் வருகிற வண்டிகளைப் பார்த்து
எனக்கு என்ன ஆகப் போகிறது?"

அத்தை கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு மெதுவாகத் திறந்தாள்.

"போன மாசம் லாரிக்காரன் பின்னால வந்து இடிச்சது இதனாலதானா?"

சிரித்தாள், இருமல் வந்தது, நர்ஸ் மலையாளத்தில் எங்களைத் திட்டினார். மாமா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். "கண்ணாடிய நீ எப்பம்மா கவனிச்ச?" என்று மட்டும் கேட்டார். அத்தை பிழைத்து வந்தாள். மருந்துதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். லயம் அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டது, நம்பவில்லை.

கொழிஞ்சாம்பாறையில் நான் வாசித்த கவிதை அதுதான். பெரியவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

அத்தை ரிட்டயர் ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்து, இருவரும் ஜீப்போடு போடிக்குப் போய்விட்டார்கள். போன வாரம் அத்தை போன் செய்தாள். மாமாவுக்கு நெஞ்சில் அடைப்பு, மதுரையில் ஆபரேஷன். மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணு எழுதிப் போடும்மா. எனக்கு நானே எழுதினா செல்லாதுல்ல" என்றார். அத்தையைக் கேட்டாராம், எழுதப் படிக்கத் தெரியாது என்று தப்பித்துக்கொண்டாளாம்.

தாளை எடுத்து உட்கார்ந்தேன். முதல் வரியில் கண்ணாடி வந்தது. அதற்குமேல் நகரவில்லை. ஜீப்புக்குள் வெள்ளைத் தாளோடு உட்கார்ந்திருந்த மனிதரை அப்போதுதான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். கவிதை வேண்டாம் என்று வைத்துவிட்டு, இரும்பு மகனிலிருந்து ஆரம்பித்து, சிரிப்பு வருகிற இடமாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். இருந்தார், ஓட்டினார், விம்மினார் என்று இறந்த காலத்திலேயே எழுதியது அவர் முறைப்படிதான்.

மாமா, இதுதான் உங்கள் இரங்கல். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். பாலக்காட்டிலிருந்து மதுரைக்கு ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். வரும்போது ஆரஞ்சு வாங்கி வருகிறேன். மாலை வாங்க மாட்டேன்.