வால் எலும்புக்கு ஒரு வெள்ளித் தகடு

அன்னிக்கி எனக்கு ஒரே ஒரு வேலைதான். திருவள்ளூர் போவணும், பெருமாள் கோயில்ல ஒரு வெள்ளித் தகடு போடணும், திரும்பி வரணும்.

தகடு எதுக்குன்னா, என் வாலுக்கு.

சிரிக்காதீங்க. முழுசா கேளுங்க.

எழுபதுங்கள்ல நடந்த கதை. கவரைப்பேட்டையாண்ட ஒரு ஆணி கம்பெனில பதினோரு வருஷம் மெஷினாண்ட நின்னுக்கினே வேலை செஞ்சவன் நான். அந்த மாசந்தான் என்ன டைம் கீப்பரா போட்டாங்க. கேட்டாண்ட ஒரு ரூமு, ஒரு மேஜை, கை வெச்ச ஒரு நாற்காலி. நாற்காலிங்க! சேர்றதுக்கு மொத நாளு லீவுலகூட போயி உக்காந்து பாத்துட்டு வந்தேன்.

மறுநாளு மீஞ்சூர்ல ரயிலேறி, கவரைப்பேட்டைல வண்டி நிக்கறதுக்கு முன்னாடியே குதிச்சேன். டைம் கீப்பரே லேட்டா போவலாமா? குதிச்சவன் நேரா பிளாட்பாரத்துல உக்காந்தேன். உக்காந்த வேகத்துல கண்ணுல பொறி பறந்துச்சு!

டாக்டரு குப்புறப் போட்டு அமுக்கிப் பாத்தாரு.

"வால் எலும்புல அடி. ரெண்டு வாரம் உக்காரக் கூடாது."

"வாலா? எனக்கா சார்?"

"எல்லாருக்குந்தான். ஒரு காலத்துல நமக்கு வால் இருந்துச்சு. வால் போச்சு, அடிக்கட்டை தங்கிப்போச்சு. அதால ஒரு பிரயோஜனமும் கிடையாது."

"பிரயோஜனமே இல்லாததுக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ வலி?"

"அதுக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்"ன்னு சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டாரு.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே! குப்புறப் படுத்துக்கினே ஒடம்பு பூராவும் கணக்கெடுத்தேன். ஆம்பளைக்கு மாருல ரெண்டு காம்பு, எதுக்கு? குடலுக்கு ஒரு வாலு, எதுக்கு? கால் சுண்டு விரலு, கட்டில் கால்ல இடிச்சுக்கறதுக்கா? வாலாவது இருந்தா ஈ ஓட்டலாம், கூட்டத்துல பஸ் கம்பியப் புடிச்சுக்கலாம். ஊட்டக் காலி பண்ணவன் செவுத்துல ஆணிய மட்டும் உட்டுட்டுப் போன மாதிரி, இது ஒண்ண மட்டும் ஏன் உட்டு வெச்சான்?

அதுக்குள்ள மேனேஜர் ஆளு உட்டு சொல்லி அனுப்பிட்டாரு: திங்கக்கெழமை நான் வரலன்னா தசரதன டைம் கீப்பரா போட்ருவாராம். தசரதன் யாரு? பதினோரு வருஷம் என் பக்கத்து மெஷின்ல நின்னவன். அவனுக்கும் காலு வலிக்கும்தானே!

என் பொஞ்சாதி சரோஜா ஒடனே வேண்டிக்கினா. "பெருமாளே, எங்க ஊட்டுக்காரருக்கு எங்க வலியோ, அந்த எடத்த வெள்ளில போடறேன்." திருவள்ளூர்ல அது வழக்கம். கண்ணு வலின்னா கண்ணு தகடு, காலு வலின்னா காலு தகடு.

பெரியபாளையத்துல திருவள்ளூர் பஸ்ஸு மாறினோம். வண்டி முக்கால்வாசி காலி. நான் மட்டும் நின்னுக்கினு வரேன்.

கண்டக்டர், "இவ்ளோ சீட்டு கீதே, உக்காரேன்பா"ன்னாரு.

"பரவால்லங்க."

"நின்னா டிக்கெட்டு கொறையாதுபா!"

பின்னாடி சீட்டுல ஒரு பெரியவரு, "இன்னா நைனா, வேண்டுதலா?"ன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சரோஜா, "ஆமாங்க, அவரு வாலுக்கு"ன்னுட்டா.

அதுக்கப்பறம் பஸ்ஸு பூராவும் என் பின்பக்கத்தையே பாத்துக்கினு வந்துச்சு.

கோயிலாண்ட தகடு விக்கறவரு கண்ணு, காது, கை, காலு, வயிறு, பல்லு வரிசைன்னு பரப்பி வெச்சிருந்தாரு.

"வால் எலும்பு ஒண்ணு குடுங்க"ன்னா சரோஜா.

"இன்னா எலும்பு?"

நான் திரும்பி நின்னு எடத்தக் காட்டினேன்.

"யோவ்! வியாபார நேரத்துல கடையாண்ட இன்னாத்தக் காட்டற? திரும்புய்யா!"

அப்பறம் அவரே எறங்கி வந்தாரு. "முழு ஆளு தகடு கீதும்மா. தலைலேந்து காலு வரைக்கும் எல்லாம் அடக்கம்."

சரோஜா வாங்கித் திருப்பிப் பாத்தா. "பின்பக்கம் ஒண்ணுமே காணோமே? பள்ளமால்ல கீது?"

"தகடுன்னா ஒரு பக்கந்தாம்மா."

"இவருக்கு வலி அந்தப் பக்கமாச்சே!"

"அப்போ இடுப்பு எடுத்துக்க."

"அது மேல."

"தொடை?"

"அது கீழ."

கூட்டம் சேர்ந்துபோச்சு. ஆளாளுக்கு என்னச் சுத்தி வந்து எடம் பாக்கறாங்க. அதுல மாட்டுக்கு வேண்டிக்கினு வந்த ஒரு ஆர்.கே.பேட்டைக்காரரு, "மாட்டுத் தகடு குடுங்க. அதுலதான் வாலு தெளிவா கீது"ன்னாரு.

கடைக்காரரு மொகம் பிரகாசமாச்சு.

"நான் இன்னா மாடாடீ?"ன்னேன்.

"சும்மா இருங்க. டாக்டரே வாலுன்னுதானே சொன்னாரு?"

உண்டியல்ல மாட்டப் போட்டேன். மானம் போவுது, ஆனா நாற்காலி வோணுமே! "பெருமாளே, கொழம்பிக்காத. இது மாடு இல்ல, நான்தான். திங்கக்கெழமை உக்காரணும்"னு மனசார வேண்டிக்கினேன்.

திங்கக்கெழமை போயி உக்காந்தேன். "யம்மா!"ன்னு அதே வேகத்துல எழுந்துட்டேன். சாயந்தரம் வரைக்கும் நின்னுக்கினே டைம் எழுதினேன். மறுநாளும் அப்படியே. தசரதன் தண்ணி குடிக்கற சாக்குல நாலு தபா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனான்.

மூணாம் நாளு மேனேஜரே வந்தாரு.

"என்னப்பா, நானும் பாக்கறேன், நீ உக்காரவே மாட்டியா?"

வாய்ல வந்தத அடிச்சு உட்டேன். "டூட்டில உக்காந்தா தூக்கம் வரும் சார்."

மனுஷன் உருகிப் போயிட்டாரு! முதுகுல தட்டிக் குடுத்தாரு. "இந்த மாதிரி ஆளுதான் வேணும்! இந்த வேலை உனக்குத்தான். தசரதன் பேச்சே கிடையாது."

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அப்போ பாத்து அவரு கண்ணு நாற்காலி மேல போச்சு.

"இது சும்மாதானே இருக்கு? பிரயோஜனம் இல்லாதத எல்லாம் உடனே எடுத்துடணும்ப்பா"ன்னு, வாட்ச்மேனக் கூப்பிட்டு அவரு ரூமுக்குத் தூக்கிக்கினு போவச் சொல்லிட்டாரு.

அடுத்த வாரம் வலி சுத்தமா போயிடுச்சு. பிரயோஜனமே இல்லாத எலும்பு பத்திரமா கீது, அத்த வெக்கத்தான் ரிடையர் ஆவற வரைக்கும் கம்பெனில எடம் கெடைக்கல.