பத்து வோல்ட்டும் கடைசி இரண்டு எண்களும்

மில்பரோ, ஓஹையோ
ஏப்ரல் 28

மதிப்பிற்குரிய மின்னளவைச் சங்கச் செயலாளர் டுவேன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் புருஷன் வெர்லின் எழுதிக்கொள்வது. இங்கே நான், லோர்னா, பூனை, கீழ்த்தளத்து அறையில் இருக்கும் என் வோல்ட்மீட்டர் ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே நீங்களும் மார்லாவும், ஆபரேஷன் செய்த உங்கள் முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். செயலாளர் என்பதால் இந்த ஒரு பத்திக்கு மட்டும்தான் மரியாதை. இனி நீ என் மைத்துனன், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடக்கிற பத்து வோல்ட் போட்டிக்கு என் பெயரை முதலில் எழுது. இந்த முறை கறுப்புத் துணி இல்லாமல் வருகிறேன். போன வருஷம் நம் சங்கத்து அந்த ஹார்லன் வாய் நிறைய உருளைக்கிழங்கு சாலட்டை வைத்துக்கொண்டு முப்பது பேர் முன்னால் என்ன சொன்னான்? "யோவ், இவன் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு வாய்க்கு வந்த நம்பரச் சொல்றான், நீங்களும் எழுதிக்கிறீங்க! அந்த மீட்டர்ல என்ன எரியுதுன்னு ஆண்டவனுக்கும் அவனுக்கும்தான் தெரியும்!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், பார்த்தேன். அதோடு விட்டானா? மூன்றடி தள்ளி நிற்பவருக்கும் எண் தெரிய வேண்டும், துணி போட்டு மூடிப் பார்க்கக் கூடாது என்று விதியே கொண்டுவந்துவிட்டான், கீழே கையெழுத்து யாருடையது என்று பார்த்தால் என் சொந்த மைத்துனனுடையது. சங்கத்தின் பெட்டியிலிருந்து வருகிற பத்து வோல்ட்டை ஐந்து நிமிஷம் ஆடாமல் அசையாமல் காட்டுகிற மீட்டருக்குத்தானே கோப்பை? பதினோரு வருஷமாக அது என் வீட்டில் இருக்கிறதென்றால் சும்மாவா இருக்கிறது?

டிஸ்ப்ளே மங்கி, துணிக்குள் இருட்டில் பார்த்தால்தான் எண் தெரிகிறதென்றால் அது என் குற்றமா, சொல்லு. மீட்டரை அணைத்தால் ஆறிவிடும், ஆறினால் மறுபடி நிலைக்கு வர ஒரு முழு நாள் ஆகும், அதனால் நம்மில் எவனும் அணைப்பதில்லை. கரண்ட் போன அன்று கார் பேட்டரியில் மீட்டரை மாட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, சொந்த மகள் கல்யாணத்துக்குப் பாதியில் வந்து நின்றவன்தானே ஹார்லன்? ராப்பகல் பத்து வோல்ட்டையே காட்டி எரிந்தால் எந்த டிஸ்ப்ளேக் குழாயும் மங்கத்தான் செய்யும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் எல்லா இடத்திலும் ஏழு கோடும் சேர்ந்து எட்டு எரியும் அல்லவா, அப்போது ஒரு வேடிக்கை. பூஜ்யங்கள் இருந்த இடத்தில் சுற்றுக்கோடெல்லாம் செத்துக் கிடக்கிறது, இத்தனை வருஷம் வேலையே இல்லாத நடுக்கோடு மட்டும் புதுசுபோல எரிகிறது. ஆனால் கடைசி இரண்டு இடத்தில் மட்டும் எல்லாக் கோடும் ஒரே சீராக மங்கியிருக்கின்றன. குழாய் செய்தவனின் கோளாறாக இருக்கும், அதை விடு.

கண்காட்சி மைதானத்துச் சந்தையில் தேடிப் பிடித்து நீ அனுப்பிய இரண்டு டிஸ்ப்ளேயும் வந்து சேர்ந்தன. அதற்கு நன்றி, அந்தக் கையெழுத்துக்கு மன்னிப்பு இல்லை. மாற்ற வேண்டுமென்றால் அணைக்க வேண்டுமே! சுவிட்சு வரைக்கும் கை போகிறது, அதற்கு மேல் போகவில்லை. காப்பி கொண்டுவந்த உன் அக்கா, "என்னங்க இது, யாரோ செத்த வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? தள்ளுங்க" என்று சொல்லி டக்கென்று அணைத்துவிட்டாள். மீட்டரின் விசிறிச் சத்தம் நின்றது. மீட்டரின் சூட்டில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டது. முதல் டிஸ்ப்ளேயை எடுத்து வைக்கும்போது என் முழங்கை பட்டுக் காப்பிக் கோப்பை அதன்மேல் சாய்ந்தது, கண்ணாடியின் ஓரத்து முனை உடைந்தது, காற்று புகுந்து உள்ளே இருந்த வெள்ளிப் பூச்சு பாலாக வெளுத்துப்போயிற்று, அதோடு அதன் கதை முடிந்தது. இரண்டாவதைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி அதன் நாற்பது கம்பிக் காலுக்கும் ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து நிமிர்ந்தால், முன்பக்கச் சட்டத்தை நுழைக்காமலே வைத்திருக்கிறேன்! நாற்பதையும் கழற்றி, திரும்ப நாற்பதையும் வைத்து, விரலில் இரண்டு கொப்புளத்தோடு எல்லாவற்றையும் மூடினேன். ஒரு திருகாணி மீந்தது. மீந்தது மீந்ததாகவே இருக்கட்டும் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போட்டதும் எரிந்தது பார், பச்சை! மூன்றடி என்ன, ஹார்லன் தன் வீட்டு வாசலில் நின்றே படிக்கலாம். லோர்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கு" என்றாள். நாற்பது கால் வைத்த கைக்கு அதைவிடப் பாராட்டு வேறு வேண்டுமா? கடைசி இரண்டு எண் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறிப்போன மீட்டர், ஓடத்தான் செய்யும். ஒரு நாள் ஆகட்டும். அதுவரை கையும் காலும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இரு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஓடுகிறது. ஆறு மணி நேரம்தானே ஆகியிருக்கிறது, அதற்குள் என்ன அவசரம்? சனிக்கிழமை என் மேஜையை ஹார்லனுக்கு நேர் எதிரே போடு. ஐந்து நிமிஷம் முடிந்ததும் அவன் எழுந்து நின்று, "வெர்லின், நான் பேசினது தப்பு" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அந்த நேரம் அவன் வாயில் சாலட் இருக்கக் கூடாது, அதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். லோர்னா இறைச்சி ரொட்டி செய்து எடுத்து வருகிறாள், அவனுக்கும் ஒரு துண்டு வைக்கச் சொல்கிறேன், எனக்கு அவன்மேல் பகை ஒன்றும் இல்லை.

மறுபடி போய்ப் பார்த்தேன். பதினெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஓட்டம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். லோர்னாவையும் கேட்டேன். "உங்களுக்குக் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா குறைஞ்சிருக்கும்" என்றாள். இவளிடம் ஒரு வார்த்தை ஒழுங்காகப் பதில் வாங்க முடியாது, சின்ன வயசிலேயே இப்படித்தானா?

நீயும் மார்லாவும் குறைவில்லாமல் இருங்கள். உன் முழங்கால் படியேறட்டும், உன் மீட்டர் அடுத்த வருஷமாவது இரண்டாம் இடத்துக்கு வரட்டும். என் வாழ்த்து எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
பதினோரு வருஷக் கோப்பைக்காரன்
வெர்லின்

பின்குறிப்பு: உறையை ஒட்டவில்லை, நல்லவேளை. முப்பது மணி நேரம் ஆகிவிட்டது. வயரை மாற்றினேன், பத்து வோல்ட் கொடுக்கிற என் பெட்டியை மாற்றினேன், திரும்பி வந்து படுத்த பூனையைக்கூடத் தூக்கி விட்டேன். கடைசி இரண்டு எண்ணும் நிற்கவில்லை, டுவேன். அப்புறம்தான் குழாயைச் செய்தவனைத் திட்டினேனே, அது ஞாபகம் வந்தது. ஒரே எண் நின்ற இடத்தில் அந்த எண்ணுக்குரிய கோடுகள்தான் மங்கும். எல்லாக் கோடும் ஒரே சீராக மங்க வேண்டுமானால் அந்த இடத்தில் எல்லா எண்ணும் வந்து போயிருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அந்த இரண்டும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. துணிக்குள் இருந்த எனக்குப் பூஜ்யமாகத் தெரிந்தது. நான் பொய் சொல்லவில்லை, டுவேன், சத்தியமாக எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

லோர்னாவிடம் போய்ச் சொன்னேன். கையில் இருந்த பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தினம் காப்பி கொண்டுவந்து பக்கத்துல நிக்கிறது யாரு? ஓரமா நின்னு பாத்தா நல்லாத்தான் தெரியும். எப்பவும் ஆடிக்கிட்டேதான் இருக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"துணிக்குள்ளேர்ந்து வெளிய வரும்போது உங்க மூஞ்சியப் பாத்திருந்தா நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க."

பழைய டிஸ்ப்ளேயையே திரும்ப மாட்டிவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், பூனைக்குச் சூடு வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடு. கோப்பையைத் துலக்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன், ஹார்லனிடம் கொடு, இறைச்சி ரொட்டியும் முழுசாக அவனுக்கே. இந்தக் கடிதத்தையும் அவனிடமே படிக்கக் கொடு. போன வருஷம் அவன் பேசினதில் பாதிதான் சரி என்று சொல். அந்த மீட்டரில் என்ன எரிகிறது என்று ஆண்டவனுக்குத் தெரியும், லோர்னாவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.