இடது தோள் இறங்கி ஓடும் நிஞ்சா

மேற்கு தாம்பரம்,
சனிக்கிழமை.

அன்புள்ள தங்கை ஜெயசீலிக்கு,

அண்ணன் லாசரஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கே எனக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை, உன் அண்ணி அம்மணிக்கு என்னைத் தவிர வேறு குறையில்லை. நீயும் மாப்பிள்ளை பிரிட்டோவும் சுகம் என்று நம்புகிறேன். உங்கள் வீட்டில் இருக்கிற என் மகள் ஜீவிதாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து பொத்தேரிக்கு ரயிலில் எவ்வளவு நேரம் ஆகிவிடும், இதற்குப் போய்த் தபாலா என்று நீ கேட்பாய். நேரில் வரக்கூடாது என்று ஜீவிதா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். போன் செய்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், தெருவுக்கே கேட்கும், அவளுக்கும் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், இனிமேல் கம்ப்யூட்டரிலோ போனிலோ ஒரு எழுத்துகூடத் தட்டமாட்டேன் என்று உன் அண்ணி பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். பேனாவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. படித்ததும் இந்தக் கடிதத்தை மடித்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டு. ஜீவிதா கண்ணில் படக்கூடாது.

அவள் உன்னிடம் என்ன சொன்னாள், எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். பெருங்குடியில் அவள் வேலைபார்த்த கம்பெனி, ஜப்பான் கம்பெனி ஒன்றுக்காக ஒரு வீடியோ கேமில் பாதி வேலையை எடுத்துச் செய்தது. கேமின் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அதற்கும் ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். முகத்தை மூடிக்கொண்டு ஒரு நிஞ்சா கூரை கூரையாக ஓடுகிறான், தாவுகிறான், எதிரில் வருகிறவனை வெட்டுகிறான், எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பேர் வாங்கிய ஆட்டமாம். அதையே இப்போது ஆரம்பத்திலிருந்து புதிதாகச் செய்திருக்கிறார்கள், ரீபூட் என்கிறார்கள். இரண்டு வருஷம் ஜீவிதா அதில் உழைத்தாள். அதில் எந்தப் பாகம் அவளுடையது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கூரை ஓடு வரைகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது விசாரித்தால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுவேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆட்டம் வெளிவந்த வாரம் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். கொண்டாடத்தான் லீவு என்று உன் அண்ணி பிரியாணிக்கு அரிசி ஊறவைத்தாள். பெண்ணோ சோபாவில் காலை மடக்கிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடியவர்கள் ஆளாளுக்குத் தங்கள் கருத்தை எழுதுகிற பக்கம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். பிரியாணி ஆறிப்போனது. மறுநாள் இட்லி ஆறிப்போனது. என்னம்மா என்று கேட்டதற்கு, "பழசு மாதிரி இல்லன்னு சொல்றாங்கப்பா" என்றாள். என் பெண் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன், சொல். எனக்குத் தெரிந்ததைத்தானே செய்வேன்?

எனக்குத் தெரிந்தது என்ன? முப்பத்தோரு வருஷம் மறைமலை நகரில் பிரேக் பாகம் செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். கடைசி எட்டு வருஷம் வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் எழுதுவதுதான் என் வேலை. புகார் வந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பதில் போயாக வேண்டும். குறை என்ன, மூல காரணம் என்ன, திருத்த நடவடிக்கை என்ன என்று மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஜீவிதா தூங்கப் போனதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நூற்றுக்கணக்கில் புகார், ஒன்றுக்குக்கூடப் பதில் போகவில்லை. என்ன கம்பெனி இது? மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்கள் தொழிற்சாலை இங்கிலீஷில் வரிசையாகப் பதில் எழுத ஆரம்பித்தேன்.

முதல் ஆள் தொண்ணூறு மணி நேரம் ஆடினேன், ஒன்றும் தேறவில்லை என்று எழுதியிருந்தார். தொண்ணூறு மணி நேரம் நிற்காமல் ஓடிய பாகத்தை நாங்கள் பாஸ் போடுவோம், தயவுசெய்து தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யவும் என்று பதில் போட்டேன். ஒருவர் வேகம் அதிகம், கண் வலிக்கிறது என்றார், இன்னொருவர் வேகமே போதவில்லை, கொட்டாவி வருகிறது என்றார். இருவரையும் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்து, நீங்கள் கலந்து பேசி ஒரே அளவைச் சொன்னால் தயாரிப்புப் பிரிவுக்கு அனுப்ப வசதியாக இருக்கும் என்று எழுதினேன். கலந்து பேசினார்கள், இன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருக்கிறார்களாம். பழைய ஆட்டத்தில் கத்தி வீசினால் கையில் அதிர்வு தெரியும், இதில் வெண்ணெய் வெட்டுகிற மாதிரி இருக்கிறது என்றவரிடம், குறையுள்ள கத்தி ஒன்றை மாதிரிக்கு நம் தாம்பரம் விலாசத்துக்கு அனுப்பச் சொன்னேன். எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை, ஒருவர் மட்டும், பழைய ஆட்டத்தை என் அண்ணனோடு ஆடினேன், இப்போது அவன் இல்லை, புதியதில் எல்லாமே நன்றாக இருக்கிறது, ஆனால் நான் தேடியது இதில் இல்லை என்று எழுதியிருந்தார். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன் சீலி. குறை புரிந்தது, மூல காரணம் எங்கள் கையில் இல்லை, திருத்த நடவடிக்கை எங்களிடம் இல்லை, மன்னிக்கவும் என்று எழுதினேன். இருநூற்றுச் சொச்சம் பேரில் அவர் ஒருத்தர்தான் எனக்கு நன்றி சொன்னார்.

இப்படி ஒன்பது நாள். அந்தப் பக்கத்தைப் பார்ப்பதை ஜீவிதா மறுநாளே விட்டுவிட்டாள், பிறகு வேலைக்கும் திரும்பிவிட்டாள், ஆனால் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. ஒன்பதாம் நாள்தான் அந்தக் கருத்து என் கண்ணில் பட்டது. ஹீரோ ஓடுவது ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்ட அங்கிள் மாதிரி இருக்கிறது, இடது தோள் தொங்குகிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஆயிரத்துக்கும் மேல் ஆட்கள் ஆமாம் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்றால் கண்ணால் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக்கூடாது. அதனால் அவன் அதோடு போட்டிருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆட்டத்தில் நிஞ்சாவைப் பின்னாலிருந்துதான் காட்டுகிறார்கள், முதுகு மட்டும்தான் தெரியும். ஸ்கேலையும் பாகைமானியையும் திரையில் வைத்து அளந்தேன். அப்போது உன் அண்ணி வந்து பார்த்துவிட்டு, "கொயந்த சோறு துன்னாம கெடக்குது, நீங்க இன்னாத்த அளந்துகினு கீறீங்க?" என்றாள். நான் கேட்கவில்லை. இடது தோள் பதினொரு டிகிரி இறங்கியிருந்தது. புகார் ஏற்றுக்கொள்ளப்பட்டது, மூல காரணம் அதைச் செய்த ஆபரேட்டரின் கவனக்குறைவு, சம்பந்தப்பட்ட ஆபரேட்டருக்குத் தகுந்த பயிற்சி அளிக்கப்படும் என்று எழுதினேன். எங்கள் தொழிற்சாலையில் எந்தக் குறைக்கும் கடைசியில் அப்படித்தான் எழுதுவோம், கை தானாக எழுதிவிட்டது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஜீவிதாவின் கணக்கு எப்போதோ திறந்தபடியே இருந்திருக்கிறது. நான் எழுதிய பதிலெல்லாம் அவள் பெயரிலேயே போயிருக்கிறது. அதுவும் வெறும் பெயர் இல்லை, இந்த ஆட்டத்தைச் செய்தவர்களில் ஒருவர் என்று பக்கத்தில் ஒரு முத்திரை வேறு. எனக்கு அது ஏதோ பூப்போட்ட பொம்மை மாதிரி இருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. செய்த கம்பெனியே குறையை ஒப்புக்கொண்டுவிட்டது என்று ஊர் உலகமெல்லாம் படம் எடுத்துப் போட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் கேட்டிருக்கிறான், அந்த ஆபரேட்டர் யார் என்று. பெருங்குடி கம்பெனியில் ஜீவிதாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். என் அப்பா எழுதியது என்று சொல்லியிருக்கிறாள். யார் நம்புவார்கள்? பேப்பர் போடச் சொல்லிவிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவள் கத்தவில்லை சீலி. கத்தியிருந்தால்கூடத் தேவலை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, அந்த ஆபரேட்டர் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "நான்தாம்பா. அவன் ஓடுறது மொத்தமும் நான் பண்ணதுதான். ரெண்டு வருஷமா அது ஒண்ணுதான் என் வேலை." சரிம்மா, அந்தத் தோளை மட்டும் நிமிர்த்தியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது, அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "அது உங்க ஓட்டம்ப்பா. என்னை ஸ்கூல் கேட்ல விட்டுட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவீங்களே, அது. அதைத்தான் குறைன்னு எழுதிட்டீங்க" என்றாள். எழுந்துபோய் ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு, அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். ஸ்டேஷன் வரைக்கும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாத் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன், கேட்காமல் அவள் கம்பெனி விஷயத்தில் மூக்கை நுழைத்தது தப்பு, அவள் பெயரில் எழுதியது தப்பு, கவனக்குறைவு என்று எழுதியது மகா தப்பு. ஆனால் அந்த ஓட்டம் என்னுடையது இல்லை. நான் அப்படி ஓடியதே கிடையாது. முடிச்சூர் ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் அவளை விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வேகமாக நடந்திருக்கலாம், அதை மறுக்கவில்லை. கையில் சாப்பாட்டுப் பை இருக்கும்போது எவனாவது ஓடுவானா, சாம்பார் என்ன ஆகும்? அப்போது அவளுக்கு ஆறு வயது, ஏழு வயது, அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டாள். நீ சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்தவள். அண்ணனுக்கு இரண்டு தோளும் ஒரே மட்டம்தான் என்று நீ அவளிடம் சாட்சி சொல்ல வேண்டும். அந்த ஒன்றை மட்டும் அவள் வாபஸ் வாங்கட்டும், மீதி எல்லாவற்றுக்கும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவள் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் அண்ணி மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறாள், நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிற கல்லூரி மாணவர்கள் அந்த ஆட்டத்தைத்தான் நாள் முழுக்க ஆடுகிறார்கள், நிஞ்சா ஓடுகிற சத்தம் கீழே கேட்கிறது, ஜீவிதா கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள் என்று நீ உன் அண்ணியிடம் சொன்னாயாம். கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கச் சொல். அவர்களைத் திட்டாதே, நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். ஜீவிதாவுக்கு வத்தக்குழம்பு பிடிக்கும், அப்பளம் பொரித்தால் சாப்பிடுவாள்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உங்கள் வாசலில் நோயும் நோட்டீஸும் ஏறாதிருக்கட்டும். உலையில் அரிசியும் உட்கார்ந்து சாப்பிட ஆட்களும் குறையாதிருக்க ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்
லாசரஸ்.

பின்குறிப்பு: நேற்றே தபாலில் சேர்த்திருக்க வேண்டியது, உறையை ஒட்டுவதற்குள் உன் அண்ணி எடுத்துப் படித்துவிட்டாள். "தோளு ஒரே மட்டமா? எங்க, ஓடிக் காட்டுங்க பாக்கலாம்" என்றாள். எனக்கும் வீம்பு. இன்று கோயில் முடிந்து வரும்போது அந்தப் பள்ளிக்கூடத்து கேட்டிலேயே அவளைப் போனோடு நிறுத்திவிட்டு, பைபிள் பையை இடது கையில் பிடித்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஓடினேன். முதல் தடவை எடுத்ததில் அவள் கட்டைவிரல்தான் இருந்தது. இரண்டாம் தடவை ஓடும்போது இளநீர்க்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே, "இன்னா சார், பஸ்ஸு பூட்ச்சா?" என்று கேட்டார். உன் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இருவருமாக கேட்டின் ஓரம் நின்று அந்த வீடியோவைப் பார்த்தோம். அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. என் முதுகை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை சீலி. அளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

மேலே நான் சொல்லச் சொன்ன எதையும் நீ அவளிடம் சொல்லாதே. சாட்சியும் வேண்டாம், வாபஸும் வேண்டாம். கடிதத்தைப் பீரோவில் வைக்காதே, அவள் கையில் கொடு.

ஜீவிதா, நீ செய்ததில் ஒரு குறையும் இல்லைம்மா. அது நான்தான். கேட்டில் விட்டதும் நீ உள்ளே போய்விடுவாய் என்றுதான் அப்பா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.